பின்கதவு ரப்பர்

காலையில் பால் வாங்கக் கிளம்பியபோதுதான் சந்திரமௌலி அதைப் பார்த்தார். ஷெட்டில் நின்ற பழைய மாரிஸ் காரின் இடப்பக்கப் பின்கதவுக் கண்ணாடியில், சின்னத் தட்டு அளவுக்கு வட்டமாக ஆவி படிந்திருந்தது. ஐப்பசி மழையில் கண்ணாடி வேர்ப்பது அதிசயமா என்று விரலால் துடைத்தார். போகவில்லை. ஆவி உள்பக்கம் இருந்தது.

பூட்டிய கார். முந்தின நாள் சாயங்காலம்தான் நாலு கதவுக்கும் புது ரப்பர் போட்டிருந்தார்கள்.

ரப்பர் மாற்றியதே மகள் நீரஜாவுக்காகத்தான். எட்டு வயசுக் குழந்தை; ஈரக்காற்று பட்டால் போதும், இழுப்பு வந்துவிடும். கதவிடுக்கு வழியாகச் சாரல் புகுந்து சீட்டெல்லாம் பூஞ்சை வாடை. மயிலாப்பூரிலிருந்து அடையாறு டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் அவள் இன்னும் துவண்டு போவாள். பெற்றவர் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பார்? மெக்கானிக் இனாயத்தை வரவழைத்துவிட்டார்.

பழைய ரப்பரை உரித்த இனாயத், இடப்பக்கப் பின்கதவுத் துண்டை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். வரிசையாக ஓட்டைகள். எலி வேலை என்றார் சந்திரமௌலி.

“எலி இல்ல சார். கோணி ஊசியால குத்திக்கீறாங்க. மத்த கதவுல பாருங்க, ஒண்ணுமே இல்ல. இதுல மட்டும் காத்து போற மாதிரி குத்திக்கீது.”

அப்போதுதான் அவருக்குக் காரை விற்ற தங்கபுஷ்பம் அம்மாள் ஞாபகம் வந்தாள். அடையாறில் பெரிய வீட்டில் தனியாக இருப்பவள். சாவியைத் தருவதற்கு முன் தூங்கும் குழந்தையைத் தடவுவது போலப் பின்சீட்டை ஒரு தரம் தடவிக் கொடுத்தாள். அந்தப் பின்கதவு ரப்பரை மட்டும் மாற்ற வேண்டாம், அங்கே கொஞ்சம் காற்று போகட்டும் என்றாள். விற்றுத் தீர்த்த காருக்கு வைத்தியம் சொல்கிறாளே என்று அவர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். கல்லூரியில் பௌதிகம் சொல்லிக் கொடுப்பவர் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வாரா?

இனாயத் பசை தடவிப் புது ரப்பரை அழுத்தி ஒட்டினான். துண்டுக் காகிதத்தை இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தான். காகிதம் கிழிந்ததே தவிர வெளியே வரவில்லை. புது ரப்பர் கொஞ்ச நாள் இறுக்கமாகத்தான் இருக்கும், காற்றுகூட நுழையாது என்று பெருமைப்பட்டான்.

இப்போது அந்த வட்டம் அவர் கண்ணெதிரிலேயே சுருங்கியது. மறுபடி விரிந்தது. பால் செம்பைக் கீழே வைத்துவிட்டுப் பின்கதவைப் பலங்கொண்ட மட்டும் இழுத்துத் திறந்தார். புது ரப்பரின் காரமான நெடியையும் பசை வாடையையும் மீறிக்கொண்டு, தூங்கி எழுந்த குழந்தையின் வாய் வாடை போல வெதுவெதுப்பாக ஒன்று அவர் முகத்தில் வந்து மோதியது. சீட் காலி. தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது.

கதவை அறைந்து சாத்தினார். வீட்டுக்குள் நீரஜாவுக்கு இழுப்பு ஆரம்பித்தது.

அன்றைக்கு முழுக்க மழை விடவில்லை. மருந்துக்கும் இழுப்பு அடங்கவில்லை. மத்தியானம் கார் கதவை இன்னொரு தரம் திறந்து பார்த்தபோது வீட்டுக்குள் அந்தச் சத்தம் தணிந்தது. சாத்தினார். திரும்ப வந்தது. ஏதோ தற்செயல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்திருக்கலாம். படித்த படிப்பு விடவில்லை. கட்டிலருகே போய் உட்கார்ந்தவரிடம் நீரஜா திக்கித் திணறிச் சொன்னாள்.

“அப்பா, மூச்சு உள்ள வரமாட்டேங்கறது. யாரோ எடுத்துண்டு போயிடறா.”



விளக்கு வைக்கிற நேரத்துக்கு மின்சாரம் போனது. அரிக்கேன் வெளிச்சத்தில் குழந்தையின் உதடு கறுத்துத் தெரிந்தது. மனைவி விசாலாக்ஷி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“ஏன்னா, இவ்வளவு இழுக்கறதே, இன்னும் என்ன யோசனை? காரை எடுங்கோ.”

அந்தக் காரில் குழந்தையை ஏற்றுவதா? பேனாக்கத்தியை எடுத்துக்கொண்டு மழையில் ஷெட்டுக்கு ஓடினார்.

இருட்டிலும் வட்டம் தெரிந்தது. வேகவேகமாக விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது. காலை ஊன்றிக்கொண்டு பின்கதவைத் திறந்தார். உள்ளே யாரோ நீளமாக மூச்சை இழுக்கிற சத்தம், தகரக் கூரை மழையையும் தாண்டிக் கேட்டது. வீட்டுப் பக்கம் இழுப்பு தணிந்தது. இதோ ஆயிற்று கண்ணே என்று முணுமுணுத்தபடி ரப்பரில் கத்தியைச் செருகினார். பசை இறுகியிருந்தது. விரற்கடை அளவு வந்தது. இன்னும் கொஞ்சம்.

காற்று திரும்பி அடித்தது.

கதவு அவர் கையைத் தள்ளிவிட்டுச் சாத்திக்கொண்டது.

கைப்பிடி திரும்பியது. கதவு அசையவில்லை. இழுத்தார். உதைத்தார். கண்ணாடியை முஷ்டியால் குத்தினார். உடையவில்லை.

வட்டம் விரிந்தது. சுருங்கியது. வீட்டுக்குள் இழுப்பு. அதே வேகம். அதே தாளம்.

நின்றது.

மழைச் சத்தம் மட்டும். விசாலாக்ஷி மகளின் பெயரை ஒரு தரம் கூப்பிட்டாள், மெதுவாக, கேள்வி கேட்பது போல. மறு தரம் கூப்பிடவில்லை.

சந்திரமௌலியால் வீட்டுப் பக்கம் திரும்ப முடியவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம் படியத் தொடங்கியது. கொஞ்சம் சின்னது. விரிந்தது, சுருங்கியது. மறுபடி விரிந்தது. இழுப்பே இல்லாமல், அவர் மகள் ஒரு நாளும் விட்டறியாத நிதானமான மூச்சாக.