மாஸ்டரின் வலது கால்

"ஊர்ல பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கத்துக் கொடுத்த மனுஷன்... ஒரு டம்ளரைப் பிடிக்கத் தெரியலையா? போர்வை பூரா சூப்பு! இதை யாரு துவைக்கிறது? உங்ககிட்ட லைசென்ஸ் வாங்கின பிள்ளைங்க வரிசையா வந்து துவைப்பாங்களா?"

காலை வெயில் இன்னும் ஜன்னலைத் தாண்டி உள்ளே வரவில்லை. அதற்குள் மாஸ்டர் மனைவியின் குரல் வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது. வாசலில் ஆப்பிள் பைகளோடு வந்து நின்ற நான்கு பேர், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மென்று தின்ன முடியாத நோயாளிக்கு ஆப்பிள் வாங்கிப் போகிற வழக்கத்தைக் கண்டுபிடித்தவர் யாரோ தெரியாது. பழக்கடை வைத்திருந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

அவர்களை அழைத்து வந்தவர் மைக் சித்தப்பா. படுத்திருக்கிறவரின் தம்பி, ஓய்வுபெற்ற கிளை மேலாளர். ஓய்வுபெற்ற மறுநாளிலிருந்து எங்கே நான்கு நாற்காலி சேர்ந்து கிடந்தாலும் எழுந்து நின்று 'பரிவு' என்ற தலைப்பில் பேசி வருபவர். மைக் இல்லாத இடத்தில்கூட ஒரு கையை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். பட்டப் பெயர் அப்படி வந்தது.

"அண்ணி!" என்றார், கையை அதே இடத்தில் வைத்துக்கொண்டு. "ஒரு நோயாளிகிட்ட... அதுவும் இந்த நிலைமையில இருக்கிறவர்கிட்ட... இப்படியா?"

"எப்படி தம்பி?" என்றாள் அவள், ஈரப் போர்வையைச் சுருட்டியபடி. "சூப்பைக் கொட்டினா, கொட்டினீங்கன்னுதானே சொல்லணும்? சபாஷ்னா சொல்றது?"

வந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அடுப்படி வாசலில் நின்ற மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். கட்டிலில் கிடந்த மாஸ்டரின் உதட்டோரம் லேசாக அசைந்ததை யாரும் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போர்வையோடு கொல்லைப்பக்கம் போய்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் அழுதால் வெளியே கேட்காது.

அவளுக்கு 'ஹாரன்' என்று பெயர் வைத்தவரே மாஸ்டர்தான். டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். ஒரே ஒரு வண்டி. கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங் பக்கம், மாஸ்டர் அடுத்த இருக்கையில். அவர் காலுக்கடியில் தனியாக ஒரு பிரேக். மாணவர்கள் எங்கே கொண்டுபோய் இடிக்கப் பார்த்தாலும் அவர் வாய் திறக்க மாட்டார். வலது கால் இறங்கும், வண்டி நிற்கும். பாதி வாழ்க்கையை அந்த இருக்கையில் கழித்ததில் அந்தக் காலுக்குத் தனியாக ஒரு புத்தி வந்துவிட்டது. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். இவள் குரல் மூன்றாவது கியருக்கு ஏறும். உடனே வலது கால் தானாகத் தரையை ஒரு அமுக்கு அமுக்கும்.

"என்ன, பிரேக் போடறீங்களா?"

"போட்டுப் பார்த்தேன். பிடிக்கல."

அதோடு அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து இவர்கள் சண்டை எல்லாம் இப்படித்தான் முடிந்திருக்கிறது. முடிவு இருவருக்கும் மனப்பாடம். அதனாலேயே தினமும் புதிதாக ஆரம்பிக்க முடிந்தது.

வயிற்றில் வந்தது கல்லீரலுக்கும் போய்விட்டது, இனி வீட்டிலேயே வைத்துக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வாசலில் நின்ற வண்டியில் மாஸ்டர் போய்ப் பழக்கத்தில் தன் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டியரிங் பக்கம் காலி.

"யாரு ஓட்டுறது?" என்றாள்.

"நீ உட்காரு. சும்மா உட்காரு."

ஊருக்கே கற்றுக்கொடுத்தவர் மனைவிக்கு மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. அவள் ஸ்டியரிங்குக்குப் பின்னால், எதையும் தொடாமல், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இனிமே பாரு... எல்லாரும் என்கிட்ட மெதுவாப் பேசுவாங்க. கதவைக்கூட மெதுவாச் சாத்துவாங்க. நான் இருக்கும்போதே போயிட்ட மாதிரி நடப்பாங்க. அவங்க எப்படியோ போகட்டும். நீயும் குரலை இறக்கிட்டேன்னு வையி... அன்னிக்கு நான் முடிஞ்சேன்."

"என்னை என்னதான் செய்யச் சொல்றீங்க?"

"ஹாரன் அடி. எப்பவும் போல. சோப்பைத் தண்ணியில விட்டா திட்டு, மருந்தைத் துப்பினா திட்டு. அழுகை வந்தா அடுப்படிக்குப் போயிட்டு வா. ஆனா திரும்பி வந்து திட்டணும்."

"பாக்குறவங்க என்னை ராட்சசின்னு சொல்லுவாங்களே!"

"சொல்லுவாங்க." அவர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். "தாங்குவியா?"

அவள் மடியிலிருந்த கைகளைக் குனிந்து பார்த்தாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே. சொன்னா சுத்தி நின்னு ரசிப்பாங்க. அப்புறம் அது சண்டையா இருக்காது... நாடகமாயிடும்."

அவள் சீட் பெல்ட்டை இழுத்தாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது.

"ஒரு பெல்ட்டை ஒழுங்கா வச்சுக்கத் துப்பில்ல... இதுல ஸ்கூல் நடத்துறாராம் ஸ்கூல்!"

சொல்லும்போது அவள் குரல் நடுங்கியது. ஆனாலும் உரக்கத்தான் சொன்னாள். மாஸ்டரின் வலது கால் கீழே இறங்கியது. வண்டி ஏற்கெனவே நின்றுதான் இருந்தது.

சூப் கொட்டிய அன்று மத்தியானம் கூடத்தில் பஞ்சாயத்து. மாஸ்டர் மருந்து மயக்கத்தில் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

"பரிவு மூணு வகைப்படும் அண்ணி," என்று மைக் சித்தப்பா தொடங்கினார். முதல் வகைக்கு அரை மணி நேரம் ஆயிற்று. இரண்டாவது நடந்துகொண்டிருந்தபோது காப்பி வந்தது. மூன்றாவது வகை என்னவென்று இன்றுவரை அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

மகன் அவ்வளவு நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று திரும்பினான். கண் சிவந்திருந்தது.

"சின்ன வயசுலேர்ந்து கேட்டுட்டேதான்மா இருக்கேன். அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்ல. அவரு இன்னும் எத்தனை நாளோ... அதுவரைக்குமாவது உன் வாயைக் கட்டக் கூடாதா? உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

அவள் வாயைத் திறந்தாள். தொண்டை வரை வந்தது... ஒரே ஒரு வரி. 'அவர்தான்டா கேட்டார்' என்றால் போதும், எல்லோரும் வாயடைத்துப் போவார்கள். மைக் சித்தப்பாவுக்கு அடுத்த கூட்டத்துக்குக் கதையும் கிடைத்துவிடும். பிறகு அவள் திட்டும்போதெல்லாம் கட்டிலைச் சுற்றி நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

வாயை மூடிக்கொண்டாள்.

"பேச மாட்டியே! சரி... இனிமே நீ அந்த ரூமுக்குள்ள வர வேண்டாம். அப்பாவை நாங்க பாத்துக்கிறோம்."

பெற்ற பிள்ளை சொல்லிவிட்டான். அவள் காலிக் காப்பி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அதன் பிறகு அந்த அறை ஆஸ்பத்திரியைவிட அமைதியாகிவிட்டது. காலில் சாக்ஸ் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். மைக் சித்தப்பா தன்னுடைய 'நோயை வெல்லும் மனம்' என்ற உரையை போனில் பதிவு செய்து தலையணைக்குப் பக்கத்தில் ஓட விட்டார். ஓடிப்போக முடியாத ஒரு ரசிகர் அவருக்குக் கிடைத்தது அதுவே முதல் தடவை.

மாஸ்டர் ஒருமுறை கண்ணைத் திறந்து, "ஹாரன்..." என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது.

மகன் குனிந்தான். "அம்மா வர மாட்டாங்கப்பா. இனிமே உங்களை யாரும் திட்ட மாட்டாங்க. நிம்மதியா தூங்குங்க."

மாஸ்டர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடி, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு வாய் திறக்கவில்லை.

"பாத்தியா? முகத்துல எவ்வளவு சாந்தம்!" என்றார் மைக் சித்தப்பா.

அடுப்படிக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஒரு கரண்டி சூப்கூட உள்ளே போகவில்லை என்று மருமகள் புருஷனிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. அறைக்குள்தானே போகக் கூடாது? அவள் குழாயோடு சண்டையை ஆரம்பித்தாள்.

"சொட்டுச் சொட்டா ஒழுகிட்டே இரு! எத்தனை தடவை சொல்றது? ஒரு வாஷர் மாத்த வக்கில்ல, பெரிய மாஸ்டராம் மாஸ்டர்! ஊரான் வண்டி நின்னா ஓடிப் போய்ப் பாக்கத் தெரியும்... சொந்த வீட்டுக் குழாய் கண்ணுக்குத் தெரியாது!"

பாத்திரங்கள் உருண்டன. அறையில், கையில் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த மருமகளுக்கு முகம் சுருங்கியது. 'ஐயோ, அத்தை இங்கேயும் விட மாட்டேங்குறாங்களே' என்று கதவைச் சாத்த எழுந்தவள், அப்படியே நின்றாள்.

போர்வைக்குள் மாஸ்டரின் வலது கால் அசைந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் குரல் ஏறியது. போர்வைக்குள் பாதம் முன்னால் சாய்ந்து, காற்றை ஒரு அமுக்கு அமுக்கியது.

அந்தக் காலை மருமகளுக்கு நன்றாகத் தெரியும். அவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்னால் அந்த வண்டியில் மாணவியாக உட்கார்ந்தவள். முதல் நாள் எதிரே லாரி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு ஸ்டியரிங்கையே விட்டுவிட்டவள். திறந்து பார்த்தபோது வண்டி நின்றிருந்தது. அந்தக் கால் பிரேக்கின் மேல் இருந்தது. "அவ்வளவுதான்மா. நான் இருக்கேன்ல, திருப்பி எடு" என்று மட்டும் சொன்னார்.

இப்போது அந்தக் கால் சொல்வதும் அதுதான் என்று தோன்றியது. நான் இருக்கேன்.

"இந்தச் சத்தத்துக்கு ஒரு முடிவு கட்டுறேன்!" என்று மைக் சித்தப்பா கூடத்திலிருந்து அடுப்படியைப் பார்க்கக் கிளம்பினார்.

"சின்ன மாமா, நில்லுங்க!" மருமகள் அந்த வீட்டில் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. தானே ஓடிப்போய் மாமியாரின் ஈரக் கையைப் பிடித்தாள். "அத்தை... உள்ள வாங்க."

"நான் வரக் கூடாதுன்னு..."

"வாங்க அத்தை! வந்து... திட்டுங்க."

"என்னது?"

"அந்தக் காலு அத்தை... உங்க குரலுக்கு மாமா பிரேக் போடறார்!"

அவள் அறைக்குள் வந்தாள். சில நாட்களில் பாதியாகிப்போன முகத்தைப் பார்த்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"என்ன மாஸ்டர்? நான் ரெண்டு நாள் இந்தப் பக்கம் வரலேன்னா பட்டினி கிடந்து பயமுறுத்துவீங்களோ? யாருகிட்ட? ஏய்க்கிறதுக்கு நான் என்ன உங்க ஸ்டூடண்டா? வாயைத் திறங்க!"

போர்வைக்குள் கால் அமுங்கியது. மாஸ்டர் கண்ணைத் திறந்தார். உதடு அசைந்தது.

"பிடிக்கல..."

"பிடிக்காது! என் வண்டிக்கு என்னிக்குப் பிடிச்சிருக்கு?" கரண்டி உள்ளே போயிற்று. விழுங்கினார். இன்னொன்று. அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. குரல் மட்டும் இறங்கவில்லை.

அறை வாசற்படியில் வந்து நின்ற மகனைப் பார்த்து மாஸ்டர் விரலை அசைத்தார். அவன் அருகில் வந்து குனிந்தான்.

"நான்தான்டா... கேட்டேன். அவ... தாங்கிக்கிட்டா."

அவன் அப்படியே அம்மாவின் மேல் சாய்ந்தான். "ஏம்மா... ஏம்மா சொல்லலே? நான் அன்னிக்கு என்னென்ன பேசினேன்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லக் கூடாதுன்னார்டா. சொன்னா நாடகமாயிடுமாம்." சூப் கிண்ணம் சாயாமல் ஒரு கையால் அவன் தலையை அணைத்துக்கொண்டாள். "தள்ளு, மேல கொட்டிடப் போகுது. இன்னொரு போர்வை துவைக்க என்னால ஆகாது."

மைக் சித்தப்பாவின் கை வாய்க்கருகே போகவில்லை. தலையணைக்குப் பக்கத்தில் அவர் குரல் மட்டும் துணிச்சலைப் பற்றித் தனியாக முழங்கிக்கொண்டிருந்தது. "அண்ணி..." என்றார், பக்கத்தில் நிற்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்காத குரலில். "என்னையும்... ரெண்டு வார்த்தை திட்டிடுங்க அண்ணி."

"உங்களைத் திட்ட எனக்கு நேரமில்ல தம்பி. முதல்ல அந்தப் போனை அணைங்க."

அதன் பிறகு இருந்த நாட்களில் அந்த வீட்டுக் கதவுகள் எப்போதும் போலச் சாத்தப்பட்டன. வந்தவர்கள் உச்சுக் கொட்டினால் மகனே, "அவங்க பேசிக்கிறாங்க, நீங்க காப்பி குடிங்க" என்பான். சுற்றி நின்று யாரும் ரசிக்கவில்லை. அவளுக்கு அதுவே பெரிய மரியாதையாக இருந்தது. கால் அமுங்குவது நாளுக்கு நாள் லேசாகிக்கொண்டே வந்தது. பிறகு பாதம் சாயவில்லை, பெருவிரல் மட்டும். அவள் கண்ணுக்கு அது போதும்.

ஒரு நாள் காலை. மருமகள் சூப்பை வடிகட்டிக்கொண்டிருந்தாள். மகன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். மைக் சித்தப்பா ஆப்பிளைப் பொடிப்பொடியாக நறுக்கி வேகவைக்கக் கற்றுக்கொண்டிருந்தார். உள்ளே வழக்கம்போல ஆரம்பித்திருந்தது.

"விடிஞ்சு இவ்வளவு நேரமாச்சு, இன்னும் என்ன தூக்கம்? ஜன்னலைத் திறந்து விடுன்னு சொல்ல வேண்டியது, திறந்தா வெயில் அடிக்குதுங்க வேண்டியது! கண்ணாடியை எங்க வச்சீங்க? நானே தேடணும்! இந்த வீட்ல எல்லாத்தையும் நானே தேடணும்! என்ன... பதிலையே காணோம்? மாஸ்டர்! உங்களைத்தான்!"

குரல் மூன்றாவது கியருக்கு ஏறியது. அதற்கும் மேலே ஏறியது.

பிறகு நின்றுவிட்டது.

அறைக்கு வெளியே எல்லோரும் நிமிர்ந்தார்கள். அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். அது வந்தபோது யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. மகன் பொத்தானைப் பிடித்தபடியே இரண்டடி எடுத்து வைத்தான்... அங்கேயே நின்றுவிட்டான். மருமகள் கையிலிருந்த வடிகட்டி நழுவி விழுந்தது. மைக் சித்தப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

யாரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை.

உள்ளே அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, மாஸ்டரின் வலது பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அதனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

மெதுவாக.