முப்பத்தோராம் தளத்துப் பொட்டு

கரைப்பகத்தார் சிங்காநல்லூருக்கு வர இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது. நப்பின்னை அலமாரியைத் திறந்து இருபத்திரண்டு 'சுரங்கப் பூனை'களையும் இறக்கித் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தாள். முப்பது வருஷத்து அலைச்சலை ஒரு டிரம்மில் கொட்டி இரண்டு நிமிஷத்தில் பொடியாக்கிவிடுவார்களாம்!

சட்டம் என்னவோ நியாயம்தான் பேசியது. படியாக்கி வந்தபின் எந்தப் பொருளும் யாருக்கும் அரிதில்லை. ஒரு கரண்டியை அதன் கண்ணாடித் தட்டில் வைத்தால் போதும். அணு அணுவாகப் பார்த்து, வயிற்றில் கொட்டியிருக்கும் மூலப்பொடியிலிருந்து அதே கரண்டியை வார்த்துத் தள்ளும். வளைந்திருந்தால் நிமிர்த்தும், துரு இருந்தால் நீக்கும், கறை இருந்தால் துடைக்கும். குறையென்று கண்ணில் பட்டதைத் திருத்தாவிட்டால் அதற்கு இருப்புக் கொள்ளாது. திருத்திய அச்சை நாட்டுக்கே பொதுவான வார்ப்பகத்தில் சேர்த்துவிடும். அதன்பிறகு யார் கேட்டாலும் அந்தக் கரண்டி கிடைக்கும். கிடைக்கிற பொருளை வீட்டில் எதற்கு அடைத்து வைக்க வேண்டும்? மூலப்பொடிக்கோ நாடெங்கும் தட்டுப்பாடு. ஆகவே சும்மா கிடக்கும் பொருள்களைக் கரைப்பகம் அள்ளிப்போய்ப் பொடியாக்கும். வேண்டும்போது மறுபடி வார்த்துக்கொள்ளலாமே என்பார்கள்.

விலக்கு ஒன்றே ஒன்றுதான். படியாக்கியால் அப்படியே படியெடுக்க முடியாத பொருள் ஒன்றாவது ஒரு தொகுப்பில் இருந்தால், அந்தத் தொகுப்பு முழுவதும் தப்பும். சட்டம் வந்த ஆறு வருஷத்தில் ஒரு தொகுப்பும் தப்பியதில்லை.

சுரங்கப் பூனை நூற்றுப்பத்து வருஷத்துக்கு முந்தைய கணினி ஆட்டம். பூனை ஒன்று நாற்பது தளம் ஆழமுள்ள சுரங்கத்தில் குதித்துக் குதித்து இறங்கி, அடியில் தொலைந்துபோன தன் குட்டியைத் தேட வேண்டும். அந்தக் காலத்துக் கணினிகளில் ஒன்றின் பாஷை இன்னொன்றுக்குப் புரியாது. ஆகவே கணினிக்கு ஒரு பதிப்பு. ஒன்றில் பூனை பச்சை, ஒன்றில் நிறமே கிடையாது. நினைவகம் போதாத ஒரு ஏழைக் கணினியில் பூனை வெறும் சதுரம், ஒரு கோடுதான் வால். சில ஒலிநாடாவில் வந்தவை, சில ஃபிளாப்பியில். நப்பின்னை லிஃப்ட் மெக்கானிக். எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும் அந்த ஊர்ப் பழைய இரும்புக் கடைக்குள் தலையை நுழைக்காமல் திரும்பியதில்லை. அப்படிச் சேர்த்தவைதான் இந்த இருபத்திரண்டும்.

எல்லாப் பதிப்பிலும் மாறாமல் இருந்தது ஒன்று. முப்பத்தோராம் தளத்தில் ஒரு சுவர். எழுதிய ஆள் அதில் கதவு வைக்க மறந்துவிட்டான். ஆட்டத்தின் குறிமுறையைப் பிரித்துப் பார்த்து, கீழே இன்னும் ஒன்பது தளங்கள் இருப்பதைக் கண்டவர்கள் உண்டு. பூனையை நடத்திக் கூட்டிப்போனவர் ஒருவரும் இல்லை.

"எங்கிட்ட இருக்க ஃபிளாப்பியில அந்தச் சுவரு இல்ல. நான் முப்பத்திமூணு வரைக்கும் போயிருக்கேன்" என்று சொன்ன ஒரே மனிதர் பாளையங்கோட்டை நயினார். ஒன்பது வருஷத்துக்கு முன் சேகரிப்பாளர் கூட்டத்தில் அவர் அதைச் சொன்னபோது நப்பின்னை எழுந்து, "புளுகறதுக்கும் ஒரு அளவு வேணுமுங்க" என்று அத்தனை பேர் முன்னால் போட்டு உடைத்தாள். அவர் கொண்டுவந்த பையைத் திறக்காமலே எழுந்து போய்விட்டார். அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது.

அந்த நயினார்தான் இப்போது வாசலில் நின்றார். கையில் ஒரு தகர டப்பா.

"உள்ள வரலாமாம்மா? இல்ல, புளுகனுக்கு இடமில்லியா?"

நப்பின்னைக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "வெயில்ல நின்னுட்டு என்ன பேச்சுங்க? வாங்க உள்ள."

அவர் தரையில் இருந்த வரிசையைப் பார்த்தபடியே உட்கார்ந்தார். கண் பதிப்பு பதிப்பாக நகர்ந்தது. "என் பதினாலையும் போன மாசம் கரைச்சிட்டானுவம்மா. டிரம்முல போடையில பக்கத்துலதான் நின்னேன். இது ஒண்ணுதான் தப்பிச்சுது. இட்லிப்பொடின்னு நெனச்சு விட்டுட்டுப் போயிட்டானுவ."

டப்பாவுக்குள் ஒரு ஃபிளாப்பி. உறை மேல் மங்கிய மையில் ஏதோ ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் பெயர். தட்டைப் படிக்கும் தலை தொடுகிற நீள்வட்டத் திறப்பில், பழுப்புத் தட்டின் மேலேயே, காய்ந்து போன ஒரு கறை. நப்பின்னையின் கை பழக்கத்தில் ஆல்கஹால் பஞ்சை எடுத்துவிட்டது.

"ஏ தாயி! தொடாதீங்க!" நயினார் போட்ட சத்தத்தில் பஞ்சு கீழே விழுந்தது. "அது சந்தன குங்குமம்மா. ஆயுத பூசைக்கு வச்சது. எங்க பாட்டனாரு அந்த இன்ஸ்டிடியூட்டுல வேல பாத்தாரு. டைப்ரைட்டருக்கு வச்சாரு, கம்ப்யூட்டருக்கு வச்சாரு, மிச்சமிருந்தத ஃபிளாப்பிக்கும் வச்சிட்டாரு. பூசப் பொட்ட அழிக்கக் கூடாதுன்னு வீட்டுல ஒருத்தரும் இதத் துடைக்கல."

நப்பின்னை அந்தக் கறையையே பார்த்தாள். தட்டில் அது உட்கார்ந்திருக்கும் இடம் எது என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள். முப்பத்தோராம் தளத்தின் வரைபடம் ஏறக்குறைய அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். பொட்டு மறைத்த இடத்தைக் கணினியால் படிக்க முடியாது. அந்தக் காலத்து ஆட்டங்கள் இரண்டு மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு, படிக்க வராததை வெற்றிடம் என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். சுவர் இருந்த இடம் வெற்றிடம்!

"அட சாமி!" அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நீங்க சொன்னது நெசமுங்க. நாந்தான் கூட்டத்துல வாயைக் கொட்டிட்டேன். மன்னிச்சுக்கோங்க."

"அது கெடக்கு. எனக்குக் கை நடுங்குது இப்ப. முப்பத்திமூணுக்குக் கீழ இனிமே என்னால ஆகாது. அந்தக் குட்டியப் பாக்காம நான் சாகக் கூடாது, அதுக்குத்தான் வந்தேன்."

"இத இந்த வரிசையில வச்சிருங்க. அலமாரி முழுசையும் உங்க பொட்டு காப்பாத்தப் போகுது, பாருங்க."

இரண்டாம் நாள் காலையில் கரைப்பகத்து வண்டி வந்தது. பரிசோதகர் பூவராகன் மரியாதைக்காரர். டிரம்மை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு, படியாக்கியை மட்டும் உள்ளே தள்ளிவரச் சொன்னார். நப்பின்னை விலக்குக் கேட்டதும் லேசாகச் சிரித்தார். எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள் அல்லவா!

ஃபிளாப்பியைக் கண்ணாடியில் வைத்தார்கள். படியாக்கி முனகியது. கறையைக் கண்டது, திருத்தியது. பொட்டில்லாத புத்தம் புது ஃபிளாப்பி ஒன்று வந்து விழுந்தது.

"பாருங்கம்மா, உங்களோடதைவிட சுத்தமா இருக்கு."

"சுத்தமா இருக்கறதுதானுங்க வம்பு. உக்காருங்க, ரெண்டையும் ஓட்டிக் காட்டறேன்."

முதலில் வார்த்து வந்த படியைத் தன் பழைய கணினியில் போட்டாள். நப்பின்னை வித்தைக்காரி. முப்பது தளத்தை மூச்சுவிடாமல் இறக்கினாள். முப்பத்தோராம் தளத்தில் பூனை சுவரில் முட்டி நின்றது. பூவராகன் குறித்துக்கொண்டார்.

அடுத்தது பொட்டு வைத்தது. கணினி கறகறவென்று மூன்று தடவை முயன்று பார்த்து, அலுத்துப்போய் ஆட்டத்தைத் திறந்தது. நப்பின்னை நாற்காலியில் பாதி இடம் விட்டாள். "நயினாரே, வாங்க. நடக்கறதை நான் பாத்துக்கறேன். குதிக்கற விசை ஒண்ணுதான், அதை நீங்க அழுத்துங்க. நான் 'ம்'னா குதிக்கணும்."

"கை நடுங்குதே!"

"நடுங்கட்டும். பூனையும் நடுங்கிட்டுத்தான் போகும்."

முப்பத்தோராம் தளத்தில் பூனை, சுவர் இருக்க வேண்டிய இடத்துக்குள் சாதாரணமாக நடந்துபோயிற்று. பூவராகனின் பேனா நின்றுவிட்டது. முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று. முப்பத்துநான்கில் கீழே விழுந்து ஓர் உயிர் போனது. முப்பத்தேழில் வவ்வால் கூட்டத்திடம் இன்னொன்று. மிச்சம் ஒரே உயிர். நயினாரின் சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியது. நப்பின்னை "ம்... ம்... இரு... ம்!" என்று சொல்லிக்கொண்டே போனாள். முப்பத்தொன்பதாம் தளத்தின் ஓரத்துக்குப் பூனை வந்ததும் அவளே திரைக்குள் தலையை நீட்டி 'ம்' சொல்ல மறந்துபோனாள்.

"குதிங்க! சார், குதிங்க!" என்று கத்தியது யார் என்று பார்த்தால் பரிசோதகர் பூவராகன்!

பூனை குதித்தது. நாற்பதாம் தளம். மூலையில் நான்கே புள்ளியில் ஒரு குட்டி. பூனையைக் கண்டதும் அது தத்தித் தத்தி ஓடிவந்து காலோடு ஒட்டிக்கொண்டது. கணினி தன் கரகரப்பான குரலில் மூன்று சுரம் பாடியது. நூற்றுப்பத்து வருஷமாக ஒரு காதும் கேட்காத மூன்று சுரம்.

நயினார் குழந்தை மாதிரி அழுதார். நப்பின்னை அவர் முதுகைத் தட்டிக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். பூவராகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "படியாக்கியால் இயலாது" என்று ஆறு வருஷத்தில் முதல் முறையாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். டிரம் காலியாகவே திரும்பிப் போனது. அன்று சாயங்காலம் நப்பின்னை அலமாரியின் உச்சியில் 'முழுத்தொகுப்பு: 23' என்று சீட்டு எழுதி ஒட்டினாள். சீட்டின் கீழே இரண்டு பேர் பெயரும் இருந்தது. ஊரெல்லாம் செய்தி பரவி, நாலு லட்சம் பேர் வார்ப்பகத்தில் சுரங்கப் பூனை கேட்டு எழுதிவைத்தார்கள். சுவர் உள்ள பூனைதான் கிடைக்கும் என்று தெரிந்தும் கேட்டார்கள்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த திங்கட்கிழமை ஆயுத பூஜை.

கோவைக் கரைப்பகத்தில் தாய்ப் படியாக்கி இருந்தது. வார்ப்பகத்தில் எதை வார்க்கும் முன்னும் அதன் அச்சைத் தன் கண்ணாடி வழியாகப் பார்த்துத் திருத்தித் தருவது அதன் வேலை. வருஷா வருஷம் அதன் பக்கவாட்டுத் தகட்டில்தான் பொட்டு வைப்பார்கள். இந்த வருஷம் பூவராகன் தாமே முன்வந்தார். மனசெல்லாம் அந்தப் பூனைதான். சந்தனத்தைக் குழைத்து, குங்குமத்தைத் தொட்டு, கண்ணாடியின் நட்டநடுவில் பக்தியோடு ஒரு பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினார்.

ஊர்க் குறையெல்லாம் கண்டுபிடிக்கிற எந்திரத்துக்குத் தன் கண்ணில் இருந்த பொட்டு தெரியவில்லை. அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் அதில் ஒரு துளி இடம் அதற்கு வெற்றிடமாகத் தெரிந்தது. அந்த இடமும் பார்வைக்கு ஒரு பக்கம் நகர்ந்தது. பூவராகன் அவசரமாகத் துடைத்துப் பார்த்தார். பயனில்லை. அதற்குள் அது கண்ணாடியின் அச்சையும் பொட்டோடு சேர்த்துத் திருத்தி வைத்துவிட்டது; துடைத்த இடத்தையே குறையென்று கண்டு மறுபடி மங்கலாக்கிக்கொண்டது. புதுக் கண்ணாடி வார்த்தாலும் அதே மங்கலோடுதான் வந்தது.

கரண்டிகள் ஓட்டையோடு வந்தன. நாற்காலிக்கு ஒரு கால் குட்டையாக வந்தது. முதல் வாரம் ஜனங்கள் திட்டித் தீர்த்தார்கள். இரண்டாம் வாரம் "என்ற குக்கருக்கு மூக்கு இந்தப் பக்கம், உன்றதுக்கு எந்தப் பக்கம்?" என்று ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை என்றானபின் எதைக் கரைப்பது? சட்டப்படி எல்லாமே விலக்கு. டிரம்முகள் காய்ந்து கிடந்தன, வீடுகள் கூரைவரை நிரம்பின.

சீட்டு ஒட்டிய பதினாறாம் நாள் பூவராகன் நப்பின்னையிடம் போனில் பேசினார். குரலில் முன்பில்லாத கூச்சம்.

"அம்மா, நீங்க ஒரு விஷயம் சொல்லணும். அந்த நாலு லட்சம் சுரங்கப் பூனையும் வார்த்துக் குடுத்துட்டோம். ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. ஒண்ணுல வால் இல்ல. ஒண்ணுல வவ்வாலே வரல. ஒண்ணுல ரெண்டு குட்டி."

"ரெண்டு குட்டியா!" நப்பின்னை எழுந்தே நின்றுவிட்டாள்.

"ஆமாம்மா, ரெண்டு. எங்கிட்ட இதுவரைக்கும் நாப்பத்தொண்ணு சேந்திருக்கு. கட்டில்கூட போட இடமில்ல. ரெட்டையா ஏதாச்சும் இருந்தா மாத்திக்கலாமான்னு கேக்கத்தான்..." சற்றுத் தயங்கினார். "உங்ககிட்ட இப்ப எத்தன இருக்குங்க?"

நப்பின்னை அண்ணாந்து தன் முழுத்தொகுப்பைப் பார்த்தாள். நாலு லட்சத்தில் இருபத்துமூன்று! கரைக்க வந்த மனுஷன் அவளைவிடப் பதினெட்டு அதிகம் வைத்திருக்கிறான்.

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. நாற்காலியைப் போட்டு ஏறி, சீட்டை உரித்துக் கசக்கினாள். பிறகு பாளையங்கோட்டைக்குப் போன் போட்டாள்.

"நயினாரே, நாலு லட்சம் பூனை வெளிய திரியுது, தேடிச் சேக்கணும். காலி டப்பாவ எடுத்துட்டுக் கிளம்பி வாங்க. பெருசா ஒண்ணு இருந்தா அதையும் எடுத்துட்டு வாங்க."