ஒன்பதாவது தாழி

தெப்ரோ முழங்கை வரை களிமண்ணோடு மண்டியிட்டிருந்தாள். மலைச்சரிவில் குதிரைகள் இறங்கும் சத்தம் கேட்டுவிட்டது. இன்னும் கற்பலகையைத் தள்ள வேண்டும், விளிம்பைப் பூச வேண்டும்.

முற்றத்தில் கழுத்து வரை புதைந்திருந்த ஒன்பது தாழிகளில் எட்டில் புதுத் திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருந்தது. காலியான ஒன்பதாவதின் அடியில், முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டபடி பக்கார் குந்தியிருந்தான். செத்துப்போன மன்னரின் ஒரே மகன். தெப்ரோ பால் கொடுத்து வளர்த்தவன்.

"அம்மா, அதுக்குள்ள மூடிட்டியா? ஒண்ணுமே தெரியல."

அவள் கை நின்றது. பலகை இன்னும் தரையில்தான் கிடந்தது. நடுப்பகல் வெயில் நேராகத் தாழிக்குள் இறங்கி அவன் தோளில் விழுந்திருந்தது.

பயத்தில் உளறுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். "பேசாம இருய்யா."

"பெத்த பிள்ளையை வெளியில விட்டுட்டு என்னை மட்டும் ஊறுகாய் போடுற."

சிரிப்பு வரவில்லை. பலகையைத் தள்ளி, மூச்சுக்கு ஒரு விரல் நுழையும் துளை விட்டு, சுற்றிலும் களிமண்ணை அப்பினாள். காலையில் திராட்சைக் கொடிகளைத் தடவித் தடவி அவன் வந்ததிலிருந்தே ஏதோ சரியில்லை. அணைத்தபோது உடம்பு ஆற்றுக்கல்லாய்ச் சில்லிட்டிருந்தது; முக்காட்டுக்குள்ளிருந்து கருகிய வாடை. தேடி வரும் படைவீரர்கள் வழியெல்லாம் தீ வைத்துக்கொண்டு வருகிறார்கள், அந்தப் புகைதான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். அரியணையைப் பிடித்துவிட்ட அவன் சித்தப்பாவுக்கு வேண்டியது இவன் உயிர்கூட இல்லை, கண்கள். ஜார்ஜியாவில் எந்தக் குருடனுக்கும் முடி சூட்ட மாட்டார்கள்.

இன்று ஒரு பொழுது போனால் போதும். மலைக்கு அந்தப்பக்கம் அனுப்பிவிடலாம்.

துளைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். எட்டுத் தாழிகள் கொப்பளித்தன. இதில் மூச்சு இல்லை.

வாசல் கதவு திறந்தது.

படையோடு வந்த தலைவன், அவள் வயிற்றில் பிறந்த மமூக்கா. எப்போது வந்தாலும் அவள் கஞ்சத்தனத்தைக் கிண்டலடித்துக்கொண்டே நுழைகிறவன். இன்று கிண்டல் இல்லை. வீட்டைச் சோதிக்கச் சொல்லவில்லை. ஈரக் களிமண்ணைப் பார்த்தும் ஏன் என்று கேட்கவில்லை. ரொட்டியும் மதுவும் மட்டும் கேட்டான்.

கொண்டுவந்தாள்.

அவன் குடிக்கவில்லை. ரொட்டியைப் பிட்டு, அதன்மேல் சொட்டுச் சொட்டாக மதுவை ஊற்றினான்.

இறந்தவர்களுக்குத்தான் அப்படி ஊற்றுவார்கள்.

"யாருக்குடா?"

அவன் வாசலைப் பார்த்தான். குதிரைமேல் குறுக்கே, போர்வை சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. வெளியே ஒரு கை தொங்கியது. சுண்டுவிரலில், பக்காருக்கு அவள் கட்டிவிட்ட சிவப்பு நூல்.

"விடியறதுக்கு முன்னாடியே பாலத்துல பிடிச்சுட்டாங்கம்மா. நான் போறதுக்குள்ள கண்ணுல காய்ச்சின கம்பியைப் பாய்ச்சிட்டாங்க. ஆழமாப் போயிடுச்சு. அம்மாகிட்ட போகணும், அம்மாகிட்ட போகணும்னே சொல்லிக்கிட்டிருந்தான்."

காலடியில் களிமண் விரிசல் விட்டது.

துளை வழியே ஒரு விரல் மேலே வந்தது. சுண்டுவிரல். சிவப்பு நூல். வெயிலைத் தடவிப் பார்த்தது.

"மமூக்கா குரல் மாதிரி இருக்கே. ஒரு விளக்கு கொண்டுவரச் சொல்லும்மா."