கட்டைவிரல் படிந்த பள்ளம்

தங்கை புருஷன் ஓட்டைக் கார் ஒன்றை வாங்கி வந்து, அதைக் கொஞ்சிக்கொண்டிருந்தான். கட்டியவளை இப்படிக் கொஞ்சியதில்லை என்று தங்கை புலம்பியதால், நட்ட நடுப்பகலில் அதைப் பார்க்கப் போனான் மெக்கானிக்.

ஷெட்டில் பழைய ஆயில் வாடை. பின்சீட்டுக்கு அடியில் கிடந்த, பழைய கருவிகள் சொருகிய தோல் சுருளை விரித்ததும் இன்னொரு வாடை எழுந்தது. இறைச்சிக்கடை மூடிய பிறகு அடிக்குமே, அது.

"மச்சான், பழைய கார் கண்காட்சிக்கு வைக்கணும். எது எதுக்குன்னு சொல்லுங்க, சீட்டு எழுதி ஒட்டுறேன்."

மெக்கானிக்குக்கு ஒரு வழக்கம். பழைய சாமான் எதையும் கண்ணால் பார்க்க மாட்டான். கண்ணை மூடி, முன்பு பிடித்தவன் பிடித்த மாதிரியே பிடிப்பான். தேய்மானத்தில் விரல்கள் தாமாகப் போய் உட்காரும். எதற்கென்று கை சொல்லிவிடும்.

"இது கிரீஸ் அடிக்கிறது. இது டயர் கழட்டுற நெம்புகோல். இது பிளக் ஸ்பேனர்."

"உங்க கைக்கு இருக்கிற அறிவு இருக்கே..."

"மீதிக்கு இல்லேன்னு உன் பொண்டாட்டி சொன்னாளா?"

கடைசியாக, இரண்டு இடத்தில் வளைந்த கனத்த இரும்பு.

"இது எனக்கே தெரியும் மச்சான். ஸ்டார்ட்டிங் ஹேண்டில். முன்னால சொருகிச் சுத்தணும். எஞ்சின் கழுதை மாதிரி உதைக்குது."

"அதான் கட்டைவிரலைச் சுத்திப் போடக்கூடாது. உதைச்சா எலும்பு தூள்."

கைப்பிடியைத் தடவிய மெக்கானிக்கின் விரல் நின்றது. கட்டைவிரல் படிந்த பள்ளம் மற்ற விரல்களுக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தது.

"இதைப் பிடிச்சவன் எஞ்சினைச் சுத்தலை."

"பின்ன?"

கண்ணை மூடிப் பிடித்துப் பார்த்தான்.

கை சொன்னது.

முதல் அடியில் ஹெட்லைட் சிதறியது. இரண்டாவது மாப்பிள்ளையின் தோளில். காய்ந்த விறகு பிளக்கும் சத்தம்.

"மச்சான்! நான்தான்!"

"ஓடுடா! நான் இல்லடா!"

மூன்றாவது முழங்காலில். இனி ஓட்டம் இல்லை. மெக்கானிக் இடது கையால் தன் வலது கை விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். நகம்தான் பெயர்ந்தது. மாப்பிள்ளை சிமெண்டில் ரத்தக்கோடு இழுத்தபடி ஊர்ந்துபோய்க் காருக்குள் ஏறினான். கை அவன் மண்டையைத் தேடியது.

மெக்கானிக் உடம்பு மொத்தத்தையும் அந்தக் கையின் மேல் போட்டான். ஹேண்டிலைக் காரின் முன்துளையில் சொருகினான்.

"சாவியைத் திருப்பு!"

"இப்பவா ஓட்டிப் பார்க்கணும்?"

"திருப்புடா!"

கட்டைவிரலைச் சுற்றிப் போட்டபடியே சுற்றினான்.

எஞ்சின் உதைத்தது.

கட்டைவிரல் புறங்கையில் போய்ப் படுத்தது. மணிக்கட்டைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே வந்தது.

கை விட்டது.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்கள். "எஞ்சின் உதைச்சிடுச்சு" என்று இருவரும் ஒரே பொய்யைச் சொல்லியிருந்தார்கள்.

தங்கை வந்து உட்கார்ந்தாள். பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றினாள். இடது கையால்.

"ஷெட்டைக் கழுவிட்டேன்ணே. சாமானெல்லாம் அந்தந்த இடத்துல சொருகிட்டேன்."

"அந்த ஹேண்டில்?"

தங்கை மடியைக் குனிந்து பார்த்தாள். மடியிலிருந்த துணிப்பைக்குள் போயிருந்த அவள் வலது கை, வந்ததிலிருந்து வெளியே வரவே இல்லை.

"விடியக்காலைலேர்ந்து விடமாட்டேங்குதுண்ணே," என்றாள் மெதுவாக.

பை தானாக உயர்ந்தது.