இரண்டாவது குரல்

அன்று மத்தியானம் அந்த நாற்றம் சூடாக வந்தது.

நாலு நாளாகக் கீழ்வீட்டில் ஒரு பானை அழுகிக்கொண்டிருந்தது. குடிவரவு அதிகாரிகள் கதவை உடைத்து சொலேதாத்தை இழுத்துக்கொண்டு போனபோது அவள் அடுப்பில் வைத்திருந்த பன்றித்தலைச் சோளக் கஞ்சி. அந்த நாற்றத்துக்குக் கால் முளைத்து, படியேறி, லாலியின் நாக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. சிகாகோவே மூக்கைப் பொத்தியிருக்கும். ஆனால் அணைந்த அடுப்பில் கஞ்சி எப்படிச் சூடாகும்?

தெருக்காரர்களே சேர்ந்து செய்த எச்சரிக்கைச் செயலியில், லாலியின் கட்டடத்தின்மேல் காலையிலிருந்து சிவப்புப் புள்ளி, அதிகாரிகள் நடமாட்டம் என்று. கூரை வேலைக்குப் போன கணவன் ஃபிடென்சியோ முனைக்கடையில் பதுங்கியிருந்தான். குடியிருக்க அனுமதிக் காகிதம் இல்லாதவன், சிக்கினால் நாடு கடத்திவிடுவார்கள். புள்ளி பச்சையானால்தான் வீடு. அதற்குக் கட்டடத்துக்காரர் இருவர் சொந்தக் குரலில் "யாரும் இல்லை" என்று சொல்ல வேண்டும். எழுத்தை எந்தக் களவாணியும் எழுதிவிடுவான், குரலை என்ன செய்வான் என்று தெருக்கூட்டத்தில் ஆளுக்குப் பத்து தமால் சோளக் கொழுக்கட்டை தின்றுவிட்டுக் கைதட்டி வைத்த விதி.

கைப்பேசி அதிர்ந்தது. முதல் குரல்.

"யாரும் இல்ல, கோமாத்ரே. கீழ வா. சாப்பிடலாம்."

சொலேதாத். லாலியின் மகளுக்கு ஞானத்தாய். அந்த உறவில் லாலியைக் கோமாத்ரே என்று கூப்பிடுகிறவள். நேற்றிரவுதான் தடுப்பு முகாமிலிருந்து பேசி அழுதாள்.

குரலுக்கு நடுவே கொழகொழவென்று எதையோ உறிஞ்சும் சத்தம். அதே சத்தம் காலடிப் பலகைக்குக் கீழேயும் கேட்டது.

உடனே ஃபிடென்சியோ கூப்பிட்டான்.

"சொலேதாத்த விட்டுட்டாங்களா? அப்ப நீயும் ஒரு வார்த்த சொல்லுடி. நின்னு நின்னு காலு தூணாயிருச்சு."

அது சொலேதாத் இல்லை, வராதே என்று கத்த வாயைத் திறந்தாள்.

நாற்றம் உள்ளே போனது. குரல் வெளியே வரவில்லை.

மறுபடி முயன்றாள். காற்று. வெறும் காற்று.

கீழே உறிஞ்சல் நின்றது. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பிறகு அவளுடைய குரல், அவளுடைய செல்லக் கொஞ்சலோடு, கீழ்வீட்டிலிருந்து எழுந்தது.

"யாரும் இல்ல, ஃபிடோ. வா."

புள்ளி பச்சையானது.

ஜன்னலுக்கு ஓடினாள். கண்ணாடியைக் குத்தினாள். ஃபிடென்சியோ தெருவைக் கடந்துகொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். அவளை அல்ல.

கீழ் ஜன்னலைப் பார்த்து, அவளைப் பார்த்து மட்டுமே சிரிக்கும் அந்தச் சிரிப்பைச் சிரித்தபடி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலுக்குள் நுழைந்தான்.