கடைசித் தேதிக் கப்பல்

முதலில் தப்பாகப் பட்டது அந்த ஈரம்தான்.

தபாலில் வந்த நீண்ட அட்டைக்குழலின் மூடியைத் திருகி, உள்ளே சுருண்டிருந்த வரைபடத் தாள்களை உருவியபோது பல் டாக்டரின் விரல்களில் சில்லென்று ஒட்டியது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அட்டைக்குழலும் சூடேறிக் காய்ந்துதான் கிடந்தது. உள்ளிருந்த தாள்கள் மட்டும் இப்போதுதான் தண்ணீரிலிருந்து எடுத்து உதறியதைப்போல நனைந்திருந்தன. முகர்ந்து பார்த்தார். உப்பு, துரு, பழைய எண்ணெய், எல்லாவற்றுக்கும் அடியில் வெகுநாள் திறக்காத ஓர் அறையின் வாடை. ஆனால் மை ஓரிடத்திலும் ஊறவில்லை.

நியாயமாக அங்கேயே பயந்திருக்க வேண்டும். வருஷக்கணக்காகத் தேடிய பொருள் கைக்கு வந்தவருக்குப் பயம் எங்கிருந்து வரும்? துணிக்கொடியில் தாள்களை மாட்டித் தொங்கவிட்டு, அவை காயும்வரை கீழேயே சுற்றிச் சுற்றி வந்தார்.

பகலெல்லாம் ஊரார் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும் இந்த மனிதருக்குச் சாயங்காலமானால் போர்க்கப்பல்தான். நிஜக் கப்பலை நூறில் ஒரு பங்காகச் சுருக்கி மரத்திலும் பித்தளைத் தகட்டிலும் கட்டுவார். பல்லுக்கு வாங்கிய இடுக்கியும் அரமும் கப்பலுக்கும் உழைத்தன. "ஊர்ல உள்ள வாயெல்லாம் திறக்க வைக்கிற மனுஷன், வீட்டுக்கு வந்தா தன் வாயைத் திறக்க மாட்டேங்கறாரே" என்று மனைவி கேலி செய்வாள். இவர்களுடைய ஒரே மகளுக்கு வீட்டில் வாண்டு என்று பெயர். அவள் மேசை விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு, "அப்பா, இதுல ஆளுங்க எங்கே?" என்பாள். "ஆளுங்க கிடையாது கண்ணு, கப்பல் மட்டும்தான்" என்பார் அவர்.

இப்போது அவர் கையில் இருந்தது, பழைய யுத்தம் ஒன்றில் ஒரே இரவில் ஆட்களோடு மூழ்கிப்போன சிறிய காவல் கப்பல். ஒரு பக்கச் சுவரை விட்டுவிட்டு, உள்ளறைகள் எல்லாம் தெரியும்படி கட்ட ஆசை. அதுவரை வரைபடம்தான் கழுத்தறுத்தது. விலைக்குக் கிடைத்தவை எல்லாம் நகலுக்கு நகல் எடுத்தவை. பக்கவாட்டுப் படத்தில் ஏணி இருக்கும் இடத்தில் மேலிருந்து பார்க்கும் படத்தில் பீரங்கி நிற்கும். அவற்றை நம்பிக் கப்பல் கட்டுவது மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவதுதான். கடைசியில் மாடல் கட்டுகிறவர்களின் இணையக் குழுவில் யாரோ ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்தார்கள். எடுத்தது ஒரு வயதான குரல்.

"எந்தத் தேதிக் கப்பல் சார் வேணும்?"

விஷயம் தெரிந்தவன் கேட்கும் கேள்வி அது. போர்க்கப்பல் என்பது ஒரே கப்பல் அல்ல. ஒவ்வொரு முறை பழுதுபார்க்கும்போதும் ஒரு பீரங்கி போகும், ஒரு கதவு வரும். தேதி சொல்லாமல் வரைபடம் கேட்பது, யாருக்கு என்று சொல்லாமல் சட்டை தைக்கக் கொடுப்பதற்குச் சமம். பல் டாக்டர் பூரித்துப்போனார்.

"கடைசி தேதி. முழுகின அன்னிக்கு எப்படி இருந்துச்சோ, அப்படியே வேணும்."

மறுமுனையில், வாளிக்குள் கையை விட்டு மெதுவாக அளைவதுபோல ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

"இருக்கு சார்" என்றது குரல். "அது ரொம்பச் சரியா இருக்கும்."

வந்த வரைபடம் சரியாகத்தான் இருந்தது. பழைய புகைப்படங்களோடு லென்ஸ் வைத்து ஒப்பிட்டார். கைப்பிடிக் கம்பியில் இருந்த நசுங்கல்கூட இருந்தது. கீழ்த்தளத்து மேசையில் ஒரு குவளை, ஆணியில் ஒரு சட்டை. ஒன்று மட்டும் வழக்கத்துக்கு மாறாக இருந்தது. எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரிய வேண்டும் என்பதற்காகக் கதவுகளைத் திறந்தாற்போல வரைவதுதான் முறை. இதிலோ கீழ்த்தளத்தின் மூன்று இரும்புக் கதவுகள் இறுக மூடி, வெளிப்பக்கக் கொண்டிகள் எல்லாம் பூட்டிய நிலைக்குத் திருப்பி வரையப்பட்டிருந்தன. உடைந்த கப்பலில் தண்ணீர் பரவாமல் இருக்க இப்படி மூடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். உள்ளே ஆள் இருந்தாலும் மூடுவார்கள் என்பதும் தெரியும். அதைப் பற்றி அவர் ரொம்ப யோசிக்கவில்லை.

முதல் கதவைப் பித்தளையில் வெட்டி ஒட்டிய மாலை, சமையலறைக் கதவு சிக்கிக்கொண்டது. மனைவி உள்ளே இருந்து கத்த, இவர் தோளால் மோதித் திறந்தார்.

"மரம் ஊதியிருக்கும்" என்றார்.

"ஊதறதுக்குத் தண்ணி எங்கங்க இருக்கு? குழாயைத் திறந்தா காத்துதான் வருது."

அது உண்மை. கோடையில் கிணறு வற்றி, கட்டடம் முழுக்க லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தது. இவர்கள் இருந்ததோ மூன்றாவது மாடி.

இரண்டாவது கதவை ஒட்டியபோது குளியலறையில் மாட்டிக்கொண்டது அவரே. கைப்பிடியைத் திருகித் திருகிப் பார்த்தார். கதவு அசையவில்லை. வற்றிப்போன குழாய்க்குள்ளிருந்து, சுவருக்குள்ளிருந்து, காலடித் தரைக்குள்ளிருந்து, பெரிய இரும்புத்தகடு ஒன்று பாரம் தாங்காமல் மெல்ல வளைவதுபோல நீண்ட முனகல் எழுந்து, தலைக்கு மேல் சென்று, அங்கேயே நின்றது. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். பிறகு கதவு தானாகவே விட்டுக்கொடுத்தது. வெளியே வந்து பார்த்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வேர்வை என்று சொல்லிக்கொண்டார். நாக்கில் பட்டது உப்பாகத்தான் இருந்தது.

அப்போதுதான், வரைபடம் வந்த முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அவருக்கு உறைத்தது. அந்தக் கப்பல் திரும்பி வரவே இல்லை. மூழ்கிய பிறகு எந்தக் கதவு மூடியிருந்தது, குவளை எங்கே இருந்தது என்று யார் அளந்தார்கள்?

எண்ணைத் திரும்ப அழைத்தார்.

"இதையெல்லாம் அளந்தது யாருங்க?"

"உள்ள இருந்தவங்கதான் சார்" என்றது குரல், சாதாரணமாக. "வேற யாருக்கு அவ்வளவு நேரம் இருந்துச்சு?"

மூன்றாவது கதவை அவர் ஒட்டவில்லை. சத்தியமாக ஒட்டவில்லை. செய்து முடித்த கதவைப் பஞ்சில் சுற்றி டப்பாவில் போட்டு மூடினார். ஆனால் கப்பலைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கதவுக்குரிய கீழ்த்தளத்துப் பம்பு அறையின் வாசல் 'ஆ'வென்று திறந்து கிடந்தது. எல்லாம் சரியாக இருக்கும் கப்பலில் அந்த ஒன்று மட்டும் தப்பு. பல் இடுக்கில் மாட்டிய நார்போல அது அவரைப் படுத்தியது. ஒட்டாமல் சும்மா பொருத்திப் பார்த்தால் என்ன? பசை போடுவதற்கு முன்னால் எதையும் ஒரு தரம் வைத்துப் பார்ப்பது இந்த வேலையில் எல்லோருக்கும் கைவந்த பழக்கம். பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். பசை இல்லாத தகடு எங்கே போய்விடப் போகிறது?

விளக்கு வைக்கிற நேரம். மனைவி அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாண்டு தன் அறையில் ஏதோ பாட்டைத் தப்புத் தப்பாகப் பாடிக்கொண்டிருந்தாள். இடுக்கியால் கதவை எடுத்து வாசலில் வைத்தார். கச்சிதம். மயிரிழை இடைவெளி இல்லை. ஒரு கணம் மனசு குளிர்ந்தது. இடுக்கியால் இழுத்தார். வரவில்லை.

பாட்டு நின்றது.

"அப்பா, கதவு திறக்க வரல."

ஓடினார். மனைவி அவருக்கு முன்னால் போய்க் கைப்பிடியை உலுக்கிக்கொண்டிருந்தாள். "தாழ்ப்பாளை எடுடி செல்லம்!"

"தாழ்ப்பாளே போடலம்மா."

இவர் தோளால் மோதினார். தோள்தான் வலித்தது. சாயம் பூசிய மரக்கதவு கைக்கு இரும்பாகச் சில்லிட்டது.

"அப்பா, தரையெல்லாம் ஈரம்."

மனைவி அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. குனிந்து கதவின் அடியில் விரலை விட்டுப் பார்த்தார். தூசிதான் வந்தது. காய்ந்த தூசி.

"கட்டில்மேல ஏறிக்கோ கண்ணு! அப்பா வந்துட்டேன்!"

மேசைக்கு ஓடினார். பல் பிடுங்கும் குறட்டை எடுத்து அந்தக் கதவைக் கவ்வி இழுத்தார். எத்தனை கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிய கை அது! நகத்தளவு தகடு அசையவில்லை. சுத்தியலை எடுத்தார். பீரங்கிகள் பறந்தன. தளங்கள் பிளந்தன. சாயங்காலம் சாயங்காலமாகக் கட்டிய கப்பல் தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. பம்பு அறையின் அந்த ஒரு சுவர் மட்டும் முழுசாக இருந்தது, கதவு மூடியபடி. அதன்மேலும் அடித்தார். சுத்தியலின் காம்பு முறிந்தது.

கூடத்தில் மனைவி கடப்பாரையால் கதவைக் குத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு குத்துக்கும் கணீரென்றது. கப்பல் சத்தம். மேல்மாடிக்காரர்கள் வந்து நின்றார்கள். ஒருவர் தீயணைப்புக்குப் போன் போட்டார். இன்னொருவர் பக்கத்துப் பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"சார், அந்தப் பக்கம் ஜன்னல் இல்லியே. வெறும் சுவர்தானே இருக்கு."

வாண்டு அறை ஜன்னலுக்குத் திரை வாங்கி மாட்டியவர் பல் டாக்டர்தான். கதவில் காதை வைத்துக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா, கட்டில் ஆடுது."

"பயப்படாதே." அவருக்குத் தன் குரலே யாருடையதோ போலிருந்தது. "தட்டிக்கிட்டே இரு. அப்பாவுக்குக் கேக்குது."

தட்டினாள். அவர் காதருகில். சின்னக் கையின் சத்தம். டொக், டொக்.

பேச்சு நின்றது. தட்டல் நிற்கவில்லை.

கைப்பிடிக்கு நேராகக் கேட்டது. எழுந்தார்.

மார்புக்கு நேராக.

கண்ணுக்கு நேராக.

"ஏங்க" என்றாள் மனைவி. "ஏங்க, அவளுக்கு அவ்வளவு உயரம் எட்டாதே."

யாரோ நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். ஏறினார். கதவின் உச்சியில், நிலைச்சட்டத்தை ஒட்டி, உள்ளங்கையை விரித்து வைத்தார். மரம் குளிர்ந்திருந்தது. சொட்டு ஈரம் இல்லை.

அவர் உள்ளங்கைக்கு அடியில் தட்டினாள்.