வலது காது

காது பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. அன்று காலையும் வழக்கம்போல வந்து கருவியைப் போட்டாள். கண்ணாடிக்கு அப்பால் சத்தம் புகாத சின்ன அறை; அதில் ஒரு நாற்காலி, ஹெட்போன், கையில் பிடிக்கும் பொத்தான். ஒலி கேட்டதும் நோயாளி பொத்தானை அழுத்துவார். இவள் மேசையில் பச்சை விளக்கு எரியும்.

நாற்காலி காலிதான். கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, இடது காதுக்கு ஒரு மெல்லிய ஒலியை அனுப்பினாள்.

விளக்கு எரிந்தது.

"நேத்தும் தானா எரிஞ்சுது மேடம். வயர் போயிருக்கும்" என்றாள் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா, வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனபடி.

வயர் போயிருந்தால் ஒலி இல்லாதபோதும் எரிய வேண்டுமே? எரியவில்லை. ஒலியை இன்னும் குறைத்தாள். எரிந்தது.

அந்தச் சின்ன அறையின் கதவுப் பக்கமிருந்து கிரீஸ் வாடை வந்தது. பட்டறை வாடை.

அண்ணன் மேல் எப்போதும் அடித்த வாடை.

திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே வாருங்கள், மருந்து தள்ளிப்போனால் நரம்பு திரும்பாது என்று ஊருக்கெல்லாம் படித்துப் படித்துச் சொல்பவள் அவள்.

"காலைல எந்திரிச்சா வலது காது சுத்தமா கேக்கல பாப்பா. உங்க அண்ணி திட்டுறது பாதிதான் விழுது, நிம்மதி!" என்று போன வருஷம் போனில் சிரித்தான் அண்ணன்.

"குரும்பிதான் அடைச்சிருக்கும். சொட்டு மருந்து விடு" என்று சொல்லி வைத்துவிட்டாள். எதையும் விளையாட்டாகச் சொல்கிறவன்தானே என்ற அலட்சியம். அடுத்த மாதம் அவன் சாலையைக் கடக்கையில் லாரி வலது பக்கமிருந்து வந்தது. ஹாரன் அடித்தேன் என்று அண்ணனின் உடலருகே நின்று டிரைவர் அழுதான்.

ஒலியை வலது காதுக்கு மாற்றினாள்.

விளக்கு எரியவில்லை.

கூட்டினாள். கருவியின் உச்சம்வரை கூட்டினாள்.

இல்லை.

அண்ணனுக்கு அவள் செய்யாமல் விட்ட பரிசோதனை இது.

நோயாளியிடம் பேசும் மைக்கை இடது காதுக்குத் திருப்பினாள்.

"அண்ணா... உடனே வரச் சொல்லியிருக்கணும். என்னை மன்னிச்சிட்டா பொத்தானை அழுத்து."

விளக்கு இருண்டே கிடந்தது. காதில் விழவில்லையோ? போய்விட்டானோ?

அதே காதுக்கு, கருவியால் முடிந்த மிக மெல்லிய ஒலியை அனுப்பினாள்.

பச்சை விளக்கு உடனே எரிந்தது.